சங்கிலியைச் சரிபார்ப்பவர் யார்?

ஆதம்பாக்கத்தில் மாடியேறி வடமேற்கே நோக்கினால் பரங்கிமலை தெரியும். அம்மலையைக் கண்டவுடன் உச்சியிலுள்ள மாதா கோயில் பலருக்கு நினைவு வரும். நிலவளவை பயின்றவர்களுக்கு வேறொரு செய்தியும் நினைவு வரும். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10-ஆம் நாள் வில்லியம் லாம்ப்டன் என்ற அதிகாரி இம்மலைக்கு அருகே ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். அக்கோடு தெற்கே பெரும்பாக்கத்துக் குன்று வரை சென்றது. அதன் நீளம் சுமார் ஏழரை மைல். அவர் கையாண்ட கருவி 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும். ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்து, ஏறத்தாழ 400 முறை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி அளந்தார்.

ஏழரை மைல் நிலத்தை அளக்க இத்தனை பாடு எதற்கு? இந்த ஒரு கோட்டை அடியாகக் கொண்டு ஒரு முக்கோணம் அமையும். அம்முக்கோணத்தின் பக்கத்தை அடியாகக் கொண்டு அடுத்த முக்கோணம் அமையும். இவ்வாறு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக இந்திய நாடு முழுவதும் அளவை விரிந்தது. முதற் கோட்டில் ஓர் அடி பிழை நேர்ந்தால் அப்பிழை ஒவ்வொரு முக்கோணத்தோடும் நடந்துகொண்டே போகும். இதனை லாம்ப்டன் நன்கு அறிந்திருந்தார். ஆகவே 1804-ஆம் ஆண்டில் பெங்களூரில் மற்றொரு கோடு சங்கிலியால் அளக்கப்பட்டது. சென்னையிலிருந்து முக்கோணங்களின் வழியே கணக்கிட்டு வந்த நீளம் ஒன்று. நிலத்தில் நேரே அளந்து வந்த நீளம் ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டபோது, பல மைல் நீளத்தில் வேறுபாடு நான்கு அங்குலத்திற்கும் குறைவாகவே இருந்தது. அவருடைய அளவைக்கு மதிப்புத் தந்தது சங்கிலி மட்டும் அன்று. சங்கிலி சொன்னதைச் சரிபார்த்த இரண்டாவது கோடும் ஆகும்.

இன்று நான் பேசவந்தது மற்றொரு சங்கிலியைப் பற்றி. அதற்குப் பிளாக்செயின் என்று பெயர். அதனைப் பற்றி இளைஞர்கள் மிகுதியாகப் பேசுகின்றனர். அதில் பொருளீட்டலாம் என்பாரும் உளர், பொருளிழந்தாரும் உளர். அந்த வாணிகம் நமக்கு இப்பொழுது வேண்டா. அச்சங்கிலியை நாம் எவ்வழியாகச் சென்று படிக்கிறோம், அவ்வழி நமக்கு மெய்யைச் சொல்கிறதா என்ற ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். இக்கேள்வி என் வீட்டு வாயிலுக்கே வந்தது. வந்த வகையைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் பொறியியல் பயிலும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். கல்லூரியில் நடந்த போட்டிகளில் வென்றவர்களுக்கு வழங்கிய நாற்பது சான்றிதழ்களைப் பிளாக்செயினில் பதிந்து, எவரும் எங்கிருந்தும் அவற்றைச் சரிபார்க்க வழி செய்ய வேண்டும் என்பது அவள் எடுத்துக்கொண்ட பணி. எதிரதாக வேலை தரும் ஒருவர், தம் கையிலுள்ள சான்றிதழ் மெய்யானதா பொய்யானதா என்று கல்லூரிக்குக் கடிதம் எழுதிக் காத்திராமல் தாமே கண்டுகொள்ளலாம். நல்ல நோக்கம். காட்சி நாளுக்கு முந்திய மாலை அவள் என்னிடம் வந்தாள், முகம் வாடியிருந்தது. "மாமா, என் தோழியின் சான்றிதழை நானேதான் பதிந்தேன். இப்பொழுது சரிபார்த்தால், 'இப்படி ஒரு சான்றிதழ் ஏட்டில் இல்லை' என்று வருகிறது. அவளும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டாள். ஏட்டிலிருந்து அழிக்கவே முடியாது என்று சொல்லியிருந்தேனே!" என்றாள்.

அழிந்ததா, அழியவில்லையா? அதை அறிவதற்கு முன் அந்த ஏடு எத்தகையது என்று பார்க்க வேண்டும்.

நம் முன்னோர் ஒருவருக்கு நிலம் வழங்கினால் அச்செய்தியைக் கோயிற் சுவரில் வெட்டிவைத்தனர். இங்கிருந்து அணித்தே உள்ள வேளச்சேரி தண்டீசுவரர் கோயிலிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கல் உறுதியானது என்பது ஒரு காரணம். ஊரார் யாவரும் வந்து காணும் இடம் என்பது மற்றொரு காரணம். பலர் கண்டதை ஒருவர் மாற்ற முடியாது. பிளாக்செயினின் அடிப்படைக் கருத்தும் இதுவே. கணக்கேட்டை ஒருவரிடம் ஒப்படைக்காமல், விரும்புவோர் அனைவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்வது. புதிய பதிவு ஒன்று வந்தால் எல்லாப் பிரதிகளிலும் அது ஏறுவது.

ஆங்கிலத்தில் பிளாக் என்று சொல்லப்படுவதை நாம் ஏடு என்று சொல்வோம். பல பதிவுகளைச் சேர்த்து ஓர் ஏடு ஆக்குகிறார்கள். அவ்வேட்டிலுள்ள எழுத்துகள் அனைத்தையும் ஒரு கணித முறைக்கு உட்படுத்தினால் ஓர் எண் கிடைக்கும். இதற்கு ஹாஷ் என்று பெயர். முத்திரை எண் என்று நாம் கூறலாம். பிட்காயின் ஏட்டில் வழங்கும் முறையில் இது இலக்கங்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த 64 குறிகளாக எழுதப்படும். ஏட்டில் ஒரு புள்ளியை மாற்றினாலும் முத்திரை எண் முற்றிலும் வேறாகிவிடும். ஒவ்வோர் ஏடும் தனக்கு முந்திய ஏட்டின் முத்திரை எண்ணைத் தன்னுள் தாங்கி நிற்கிறது. ஆகவே நடுவில் உள்ள ஓர் ஏட்டைத் திருத்த விரும்புவோன், அதற்குப் பிற்பட்ட எல்லா ஏடுகளையும் திருத்த வேண்டும். திருத்தியதை உலகெங்கும் பிரதி வைத்திருப்போர் ஏற்கவும் வேண்டும். லாம்ப்டனின் முக்கோணங்களில் ஒரு பிழை பின்வருவன அனைத்தையும் தொட்டதுபோல, இங்கு ஒரு திருட்டுத் திருத்தம் பின்வருவன அனைத்தையும் தொட்டுத் தன்னையே காட்டிக்கொடுத்துவிடும்.

இம்முறையை விளக்கும் கட்டுரை, சதோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் வெளிவந்தது. பிட்காயினின் முதல் ஏடு 2009-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் எழுதப்பட்டது. 2015-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் எத்தீரியம் என்ற ஏடு தொடங்கியது. விடாலிக் புட்டெரின் என்ற இளைஞர் வகுத்த இந்த ஏட்டில், பணக்கணக்கை மட்டுமன்றிச் சிறு நிரல்களையும் பதிந்து இயக்க முடியும். எங்கள் மாணவி எடுத்துக்கொண்டது எத்தீரியத்தைச் சார்ந்த செபோலியா என்னும் பயிற்சி ஏடு. அங்கே உண்மையான பணம் செலவாவதில்லை. மாணவர்கள் பழகுவதற்கு ஏற்றது.

இந்த ஏட்டின் பிரதியை வைத்துக்கொண்டு, புதிதாக வரும் ஒவ்வோர் ஏட்டையும் விதிப்படி தானே சோதித்துச் சேர்த்துக்கொள்ளும் கணினிக்குக் கணு என்று பெயர். ஆங்கிலத்தில் நோட் என்பர். எவர் வேண்டுமானாலும் கணு வைத்துக்கொள்ளலாம். எவரிடமும் அனுமதி பெற வேண்டுவதில்லை. "பிறரை நம்பாதே, நீயே சரிபார்" என்பது இத்துறையினரின் மந்திரம்.

மந்திரம் எளிது, நடைமுறை எளிதன்று. எத்தீரியத்துக்குச் சொந்தமாக ஒரு கணு நடத்த விரும்புவோர் 2 டெராபைட் கொள்ளளவுள்ள விரைவான சேமிப்பு வட்டு வைத்துக்கொள்ளுதல் நலம் என்று அதனை நடத்துவோர் கூறுகின்றனர். முதன்முறை ஏடுகளைத் திரட்டிச் சோதிக்கப் பல மணி நேரமோ சில நாட்களோ ஆகும். அதன்பின் சுமார் 12 நொடிக்கு ஓர் ஏடு வந்துகொண்டே இருக்கும். இரவும் பகலும் கணினி விழித்திருக்க வேண்டும். பயிற்சி ஏட்டுக்கும் பல நூறு ஜிகாபைட் இடம் வேண்டும். எங்கள் மாணவியின் மடிக்கணினியில் மொத்த இடமே 512 ஜிகாபைட். அதில் பாடங்களும் படங்களும் முன்னரே குடியேறிவிட்டன. மின்சாரம் நின்றால் வீட்டு இணையமும் நிற்கும். அவள் என்ன செய்வாள்? மற்ற பலரும் செய்வதையே செய்தாள். வாடகைக் கணு ஒன்றை நாடினாள்.

கணுக்களைத் தாமே நடத்திக்கொண்டு, பிறர் இணையத்தின் வழியே கேட்கும் கேள்விகளுக்கு ஏட்டைப் பார்த்து விடை சொல்லும் நிறுவனங்கள் உள்ளன. 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய இன்ஃபியூரா இவ்வகையில் முன்னோடி. அல்கெமி முதலியன பின்னர் வந்தன. பெயரைப் பதிவு செய்துகொண்டால் ஒரு சாவி தருவார்கள். சாவி என்பது நீண்ட எழுத்துச் சரம். அதனைச் சேர்த்து நம் நிரலிலிருந்து கேள்வி அனுப்பலாம். "கடைசியாக எழுதிய ஏட்டின் எண் யாது? இந்தக் கணக்கில் இருப்பு எவ்வளவு? இந்த நிரலில் இந்தச் சான்றிதழின் முத்திரை எண் பதிவாகியிருக்கிறதா?" என்று குறித்த வடிவில் கேட்டால் நொடிக்குள் விடை வரும். நாம் கையொப்பமிட்டுத் தரும் பதிவையும் வலைக்குள் கொண்டுசேர்ப்பார்கள். கேள்விக்கும் விடைக்கும் வகுத்த இந்த வாயிலுக்கு ஏபிஐ என்று பெயர். சிறு அளவில் கேட்போருக்குக் கட்டணமில்லை. மிகுதியாகக் கேட்டால் கட்டணம் உண்டு. ஒரு நொடிக்கு இத்தனை கேள்விதான் என்ற வரம்பும் உண்டு.

இதனைச் சார்பதிவாளர் அலுவலகத்தோடு ஒப்பிடலாம். நிலம் வாங்குவோர் வில்லங்கச் சான்று கேட்கின்றனர். அலுவலர் பதிவேட்டைப் பார்த்து, இந்நிலத்தின்மேல் இன்ன பதிவுகள் உள்ளன என்று எழுதித் தருகிறார். நாம் பதிவேட்டைப் பார்க்கவில்லை. பார்த்தவருடைய சொல்லைப் பெறுகிறோம். அலுவலர் நேர்மையானவராக இருக்கலாம். ஆயினும் அவர் கடைசித் தொகுதியைப் புரட்டாமல் விட்டிருந்தால், இருக்கும் வில்லங்கத்தை இல்லை என்று எழுதிவிடுவார். வாடகைக் கணுவின் நிலையும் இதுவே.

இப்பொழுது மாணவியின் துயரத்துக்கு வருவோம். "அம்மா, உன் கணு எந்த ஏடு வரை படித்திருக்கிறது என்று கேட்டுப் பார்த்தாயா?" என்று வினவினேன். அவள் கேட்கவில்லை. கேட்டவுடன் ஓர் எண் வந்தது. அவ்வேட்டின் நேரத்தைப் பார்த்தோம். இரண்டு மணி நேரத்துக்கு முந்திய ஏடு! அந்த நிறுவனத்தின் கணு ஏதோ காரணத்தால் அங்கேயே நின்றுவிட்டது. தோழியின் சான்றிதழ் பதிவானது அதற்குப் பின்னர். வேறொரு நிறுவனத்தின் கணுவிடம் அதே கேள்வியைக் கேட்டோம். சான்றிதழ் உண்டு என்று விடை வந்தது. ஏடு அழியவில்லை. ஏட்டைப் படித்துச் சொன்னவர் பாதியில் நிறுத்திவிட்டார்; நிறுத்தியதைச் சொல்லவும் இல்லை.

இங்கே நாம் கற்கவேண்டிய முதற் பாடம் உள்ளது. "இல்லை" என்பது ஒன்று; "நான் இன்னும் படிக்கவில்லை" என்பது வேறொன்று. கணுவிடமிருந்து இரண்டும் ஒரே சொல்லாக வரக்கூடும். மாணவி எழுதிய பக்கம் அந்தச் சொல்லை அப்படியே எடுத்து, ஒரு பெண்ணின் உழைப்பைப் பொய் என்று காட்டிவிட்டது. அன்று பார்த்தவள் தோழி, மறுநாளே சரியாயிற்று. பார்த்தவர் வேலை தருவோராக இருந்திருந்தால் மறுநாள் என்பது ஏது?

இது ஒரு மாணவிக்கு மட்டும் நேர்ந்த சிறு விபத்து என்று எண்ண வேண்டா. 2020-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் உலகறிய ஒரு நிகழ்ச்சி நடந்தது. எத்தீரியக் கணுக்களில் பெரும்பாலானவை அப்பொழுது கெத் என்னும் மென்பொருளால் இயங்கின. அதன் பழைய பதிப்புகளில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. புதிய பதிப்புகளில் அது நீக்கப்பட்டுவிட்டது. அன்று வந்த ஒரு பதிவு அப்பிழையைத் தொட்டது. உடனே பழைய பதிப்பை நடத்தியோர் ஒரு வழியிலும், புதிய பதிப்பை நடத்தியோர் வேறு வழியிலும் பிரிந்தனர். இன்ஃபியூரா நடத்திய கணுக்களில் பழைய பதிப்பு இருந்தது. அதன் சேவை சில மணி நேரம் தடைப்பட்டது. அதனைச் சார்ந்திருந்த மெட்டாமாஸ்க் என்ற பணப்பை நிரல் தடுமாறியது. பைனான்ஸ் உள்ளிட்ட நாணயச் சந்தைகள் எத்தீரியப் பணத்தை எடுத்துக்கொள்வதை நிறுத்திவைத்தன. ஏட்டின் பிரதிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் இருந்தன. இருந்தும் என்ன? பலரும் ஒரே வாயிலின் வழியே ஏட்டைப் படித்துவந்தமையால், அந்த வாயில் அடைபட்டபோது ஏடே மூடியதுபோல் ஆயிற்று.

மற்றொரு நிகழ்ச்சி 2022-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் நடந்தது. பொருளாதாரத் தடைகளை ஒட்டி அதே நிறுவனம் தன் அமைப்பை மாற்றியபோது, வேண்டிய அளவுக்கு மேல் தடை பரவி, வெனிசுவேலா நாட்டில் சிலருடைய பணப்பைகள் இயங்காமல் நின்றன. தவறு என்று உணர்ந்து பின்னர்த் திருத்தினார்கள். எவராலும் தடுக்க முடியாதது என்று புகழ்பெற்ற வலையை ஓர் அலுவலகத்தில் செய்த சிறு மாற்றம் தடுத்துவிட்டது. ஏட்டில் தடை இல்லை. ஏட்டின் வாயிலில் தடை இருந்தது.

ஆயினும் வாடகைக் கணு என்றாலே அஞ்சி ஓட வேண்டுவதில்லை. அதனால் எவை இயலும், எவை இயலா என்று பிரித்தறிதல் வேண்டும். நம் பணத்தை அதனால் எடுத்துக்கொள்ள முடியாது. ஏனெனில் ஒவ்வொரு பதிவுக்கும் நாம் நம்முடைய இரகசியச் சாவியால் கையொப்பமிடுகிறோம். அச்சாவி நம்மிடமே இருக்கும் வரை பிறர் அக்கையொப்பத்தை இட முடியாது. நாம் ஒப்பமிட்ட தொகையையும் பெறுநரையும் அது மாற்ற முடியாது. மாற்றினால் கையொப்பம் பொருந்தாது. அதே வேளையில், நம் பதிவைக் கொண்டுசேர்க்காமல் காலந்தாழ்த்த அதனால் இயலும். பழைய விடையைத் தர இயலும். நாம் சரிபார்க்காவிட்டால் பொய் விடையையும் தர இயலும். எந்த முகவரியிலிருந்து யார் எந்தக் கணக்கைப் பற்றிக் கேட்கிறார் என்பதையும் அது அறியும். இன்ஃபியூராவை நடத்தும் நிறுவனம் 2022-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட தனியுரிமைக் கொள்கையில், பதிவு அனுப்புவோரின் இணைய முகவரியும் பணக்கணக்கின் முகவரியும் திரட்டப்படும் என்று கூறியபோது பெரிய விவாதம் எழுந்தது. கேள்வி கேட்பதும் ஒரு செய்தியைக் கொடுப்பதே என்பதைப் பலர் அன்றுதான் உணர்ந்தனர்.

அப்படியானால் மாணவர்கள் என்ன செய்யலாம்? லாம்ப்டன் செய்ததைச் செய்யலாம். இரண்டாவது கோட்டை அளக்கலாம். அதற்குப் படிப்படியான வழிகள் உள்ளன.

முதலாவது, விடையைக் கேட்பதற்கு முன் காலத்தைக் கேட்க வேண்டும். கடைசி ஏட்டின் எண்ணையும் நேரத்தையும் பெற்று, அது சில நிமிடங்களுக்கு முற்பட்டதாக இருந்தால் "இல்லை" என்று சொல்லாமல், "இப்பொழுது சரிபார்க்க இயலவில்லை" என்று சொல்ல வேண்டும். எங்கள் மாணவி அன்று இரவே தன் பக்கத்தில் இந்த ஒரு மாறுதலைச் செய்தாள். பத்து வரிகூட ஆகவில்லை.

இரண்டாவது, ஒருவரைக் கேட்டு நில்லாமல் இருவரைக் கேட்க வேண்டும். விடைகள் ஒத்துவந்தால் ஏற்கலாம். வேறுபட்டால் நின்று ஆராயலாம். இருவரும் உண்மையிலேயே வெவ்வேறானவராக இருக்க வேண்டும். ஒரே மென்பொருளின் ஒரே பதிப்பை இருவரும் நடத்தினால் ஒரே பிழையை இருவரும் செய்வர். அது இருவர் சாட்சி ஆகாது; ஒருவர் சாட்சியை இருமுறை கேட்டதே ஆகும்.

மூன்றாவது வழி இன்னும் அழகானது. விடையை மட்டும் கேளாமல், விடைக்கு ஆதாரத்தையும் சேர்த்துக் கேட்பது. ரால்ஃப் மெர்க்கில் என்ற அறிஞர் 1979-ஆம் ஆண்டில் வகுத்த ஒரு முறை இதற்கு உதவுகிறது. பதிவுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து முத்திரை எண் காண்க. அம்முத்திரை எண்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து மீண்டும் காண்க. இவ்வாறே மேலேறினால் கடைசியில் ஒரே ஓர் எண் மிஞ்சும். இது வேர் எண் எனப்படும். பத்து இலட்சம் பதிவுகள் இருந்தாலும், அவற்றுள் ஒன்று உள்ளது என்று மெய்ப்பிக்கச் சுமார் 20 முத்திரை எண்கள் போதும். ஏனெனில் இரண்டை இருபது முறை பெருக்கினால் பத்து இலட்சத்தைக் கடந்துவிடும். எத்தீரியத்தில் இதனை ஒத்த, சற்றே சிக்கலான முறை ஒன்று உள்ளது. அதில் ஒரு பதிவு இருக்கிறது என்பதை மட்டுமன்றி, இல்லை என்பதையும் மெய்ப்பிக்கலாம். வாடகைக் கணுவிடம் இந்த ஆதாரத்தைக் கேட்டு வாங்கி, நம் கணினியிலேயே பெருக்கிக் கூட்டிப் பார்த்துவிடலாம்.

"வேர் எண் சரியானது என்று எவ்வாறு அறிவது?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வி. அதற்குத்தான் இலேசான கணுக்கள் தோன்றியுள்ளன. இவை முழு ஏட்டையும் வைத்துக்கொள்வதில்லை. ஏடுகளின் தலைப்பை மட்டும் வைத்துக்கொள்கின்றன. 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் எத்தீரியத்தில் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி 512 பேர் கொண்ட குழு ஒன்று ஒவ்வொரு தலைப்பிலும் ஒப்பமிடுகிறது. ஏறத்தாழ 27 மணி நேரத்துக்கு ஒரு முறை குழு மாறுகிறது. அந்த ஒப்பங்களைச் சோதிக்கச் சாதாரண மடிக்கணினியே போதும். 2022-ஆம் ஆண்டு வெளிவந்த ஹீலியோஸ் என்ற நிரல் இவ்வகையினது. இதனை நம் கணினியில் வைத்துக்கொண்டால், வாடகைக் கணு தரும் விடைகள் அனைத்தும் நம் வாயிலில் சோதனையாகி உள்ளே வரும். தொடங்குவதற்குரிய ஒரு முத்திரை எண்ணை மட்டும் நம்பகமான இடத்திலிருந்து பெறவேண்டும். லாம்ப்டனும் தம் சங்கிலி 100 அடிதான் என்பதை ஓர் அளவுகோலோடு ஒப்பிட்டுத்தான் தொடங்க முடிந்தது. எந்தச் சரிபார்ப்புக்கும் ஏதோ ஒரு தொடக்கம் வேண்டும். நாம் எதனை நம்பித் தொடங்குகிறோம் என்பதை அறிந்திருப்பதே அறிவு.

நான்காவது, வாய்ப்புள்ளவர் தமக்கென ஒரு கணு நடத்தலாம். ஒரு மாணவரால் இயலாதது ஒரு கல்லூரிக்கு எளிது. ஆய்வுக்கூடத்தின் மூலையில் ஒரு கணினி இரவும் பகலும் இயங்கினால், அக்கல்லூரி மாணவர் அனைவரும் பிறர் சொல்லை எதிர்பாராமல் ஏட்டைப் படிக்கலாம். நூலகத்துக்கு அகராதி வாங்கிவைப்பது போன்றதே இதுவும்.

இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். சேவை நிறுவனம் தந்த சாவியைப் பலர் தம் நிரலுக்குள் எழுதி, அந்நிரலை ஊரறிய வெளியிட்டுவிடுகின்றனர். கண்டவர் அதனை எடுத்துப் பயன்படுத்த, வரம்பு தீர்ந்து நம் வேலை நிற்கும். கட்டணம் நம் தலையில் விழும். அதனினும் கொடியது, பணக்கணக்கின் இரகசியச் சாவியை அவ்வாறு வெளியிடுவது. முன்னது போனால் மாற்றிக்கொள்ளலாம். பின்னது போனால் பணம் போனதே.

இத்துறை அயல்நாட்டு நிறுவனங்களோடு நிற்கவில்லை. ஆதம்பாக்கத்திலிருந்து வேளச்சேரி வழியே சில மைல் சென்றால் தரமணி. அங்கே செட்ஸ் என்று சுருக்கமாக வழங்கும், மின்னணுப் பரிமாற்றப் பாதுகாப்பை ஆராயும் நிறுவனம் உள்ளது. மத்திய அரசின் தேசிய பிளாக்செயின் கட்டமைப்பை உருவாக்கியதில் சி-டாக், தேசியத் தகவல் மையம், ஐதராபாத்திலுள்ள கல்வி நிலையங்கள் ஆகியவற்றோடு இந்நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. அக்கட்டமைப்பு 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டது. விஷ்வஸ்யா என்பது அதன் தொகுதிக்குப் பெயர். அதன் கணுக்கள் புவனேசுவரம், புணே, ஐதராபாத் ஆகிய இடங்களிலுள்ள தேசியத் தகவல் மையத்தின் நிலையங்களில் இயங்குமாறு அமைக்கப்பட்டன. அரசுத் துறைகள் தாமே கணு நடத்தாமல் இதனைச் சேவையாகப் பெறலாம் என்பது நோக்கம். தொழில் தொடங்குவோரும் கல்விக்கூடங்களும் பழகிப்பார்ப்பதற்கு என்.பி.எஃப். லைட் என்ற களமும் உண்டு. இதற்கு முன்னரே, 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பிளாக்செயின் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2021-ஆம் ஆண்டில் சி.பி.எஸ்.இ. வாரியம் தன் மாணவர்களின் தேர்வுச் சான்றுகளைப் பிளாக்செயினில் பதியும் ஏற்பாட்டை அறிவித்தது. எங்கள் மாணவி சிறு அளவில் முயன்றதை ஒரு வாரியம் பேரளவில் செய்கிறது.

அரசு நடத்தும் ஏட்டுக்கும் எத்தீரியம் போன்ற பொது ஏட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பொது ஏட்டில் எவரும் கணு வைக்கலாம். அரசு ஏட்டில் அனுமதி பெற்றோர் மட்டுமே வைக்கலாம். அதனால் வேகமும் ஒழுங்கும் மிகும்; தனியார் செய்திகளைக் காப்பதும் எளிதாகும். ஆனால் "நீயே சரிபார்" என்ற வாய்ப்பு சுருங்கும். ஆகவே அங்கே நாம் கேட்கவேண்டிய கேள்வி, எத்தனை பிரதிகள் உள்ளன என்பது மட்டுமன்று. அவை எத்தனை பேர் கையில் உள்ளன என்பதும் ஆகும். ஒரே கையில் மூன்று பிரதி இருந்தால் தீக்கும் வெள்ளத்துக்கும் அஞ்ச வேண்டா. ஆனால் அந்தக் கையின் தவறிலிருந்து தப்ப முடியாது.

இன்னும் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். எழுதியது மாறவில்லை என்பதை மட்டுமே ஏடு மெய்ப்பிக்கும்; எழுதியது மெய் என்பதை அது மெய்ப்பிக்காது. போட்டியில் கலந்துகொள்ளாதவருக்குச் சான்றிதழ் எழுதி ஏட்டில் பதிந்தால், அப்பொய்யும் அழியாமல் நிலைத்து நிற்கும். கல்வெட்டும் அப்படித்தானே? வெட்டுவோனின் உளி ஆழமாக இருப்பதால் சொல்லின் உண்மை ஆழமாகிவிடுவதில்லை. எழுதுகின்ற இடத்தில் நேர்மையும், படிக்கின்ற இடத்தில் விழிப்பும் இருந்தால்தான் நடுவிலுள்ள சங்கிலி பயன் தரும்.

மறுநாள் காட்சி நல்லபடியாக நடந்தது. மாணவியின் பக்கம் இரு கணுக்களைக் கேட்டு, ஏட்டின் நேரத்தையும் பார்த்து விடை சொல்லியது. முற்பகலில் முதல் நிறுவனத்தின் கணு மீண்டும் பின்தங்கியது. அப்பொழுது பக்கத்தில், "இப்பொழுது சரிபார்க்க இயலவில்லை, சற்று நேரம் கழித்துப் பார்க்கவும்" என்ற வரி தோன்றியது. காண வந்த ஆசிரியர் ஒருவர், "இது குறை அல்லவா?" என்று கேட்டாராம். "இல்லை ஐயா, நேற்று இருந்ததுதான் குறை" என்று அவள் விடை சொன்னாளாம்.

அந்த விடையைக் கேட்டு நான் மகிழ்ந்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கருவியே நம்பத்தக்கது. பரங்கிமலை அடிவாரத்தில் சங்கிலி பிடித்தவர், தம் அளவு சரியென்று பறைசாற்றி அமர்ந்துவிடவில்லை. பெங்களூரில் மற்றொரு கோட்டையும் அளந்து பார்த்தார். மாணவ நண்பர்களே, பிறர் கணுவை வாடகைக்கு எடுங்கள். அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. உலகில் பெரும்பாலான அறிவை நாம் பிறர் சொல்லக் கேட்டே பெறுகிறோம். ஆனால் ஒருவருடைய வாழ்வோ நற்பெயரோ அந்த விடையைப் பொறுத்திருக்குமாயின், விடையை ஏற்பதற்கு முன் உங்களுடைய இரண்டாவது கோட்டையும் அளந்துவிடுங்கள்.